பார்க்கிங் லாக், பலகை, பெயின்ட், செயலி: மாற்றுத்திறனாளி ஊழியருக்கு எது உதவும், எது உபத்திரவம்?

மாற்றுத்திறனாளி ஊழியர் ஒருவர் வாசலுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கேட்டால், நிர்வாகப் பிரிவு உடனே ஒரு பொருளைத் தேடத் தொடங்கிவிடும். தரையில் பொருத்துகிற மடக்குத் தடுப்பு, அதாவது பார்க்கிங் லாக். இல்லையென்றால் நீலப் பலகை. கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால் இடத்தை முன்பதிவு செய்யும் செயலி. வாங்கிப் பொருத்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். அந்த ஊழியர் மட்டும் பக்கத்து வண்டி இடிக்குமோ என்று கதவைப் பாதி திறந்தபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

இங்கே எல்லாச் சாதனங்களையும் சேவைகளையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கிறோம். வண்டியில் இருப்பவர் நடுவழியில் இறங்காமல், யாரையும் கூப்பிடாமல், உள்ளே போய் நிறுத்தி, கதவை முழுதாகத் திறந்து, இறங்கிக் கட்டடத்துக்குள் போக முடிகிறதா? இதில் தேறாதது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தேறாததுதான். பிராண்டு பெயர் எதையும் சொல்லவில்லை. ஒரே வார்ப்பு நாலைந்து பெயர்களில் விற்பனைக்கு வருகிற சந்தை இது. பெயரைவிட வகையைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

முதல் மதிப்பெண், பெட்டியில் வராத ஒன்றுக்கு

வண்டிக்குப் பக்கத்தில் விடுகிற காலி இடத்தைத்தான் சொல்கிறோம். சாய்கோடு போட்டு, யாரும் நிறுத்தக் கூடாது என்று ஒதுக்குகிற இறங்குபாதை. இது இல்லாமல் மற்ற எதை வாங்கினாலும் வீண்.

கணக்கு எளிது. சாதாரணப் பார்க்கிங் இடத்தின் அகலம் 2.4 முதல் 2.5 மீட்டர். கார் ஏறக்குறைய 1.8 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மிஞ்சுவது 30, 35 சென்டிமீட்டர். கதவு முழுதாகத் திறக்க ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வேண்டும். சக்கர நாற்காலியின் அகலம் 65 முதல் 70 சென்டிமீட்டர்; அதை இருக்கைக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, உடம்பை மாற்றி உட்கார்ந்து, பிறகு திரும்பவும் வேண்டும். ஆக 1.2 மீட்டர் குறைந்தபட்சம், 1.5 மீட்டர் இருந்தால் நிம்மதி. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத் தரநிலை (ஏடிஏ) 2440 மில்லிமீட்டர் இடமும் அதன் பக்கத்தில் 1525 மில்லிமீட்டர் இறங்குபாதையும் கேட்கிறது. பிரிட்டனின் தரநிலையான பி.எஸ். 8300, 2.4க்கு 4.8 மீட்டர் இடத்தோடு பக்கத்திலும் பின்னாலும் 1.2 மீட்டர் சாய்கோட்டுப் பகுதி கேட்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மொத்த அகலம் 3.6 மீட்டர் என்றும், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த மூன்று நாட்டுக் கணக்கில் எதைப் போட்டாலும் மொத்த அகலம் 3.6 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை.

பக்கவாட்டில் சாய்தளம் இறக்குகிற வேன் என்றால் இந்த அளவு போதாது. அதற்கு ஏடிஏ 2440 மில்லிமீட்டர் அகல இறங்குபாதை கேட்கிறது. அல்லது நிறுத்துமிடமே 3350 மில்லிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். உயரம் 2490 மில்லிமீட்டர் தடையில்லாமல் வேண்டும். அடித்தளத்தில் தீயணைப்புக் குழாயும் ஏசி டக்டும் இந்த உயரத்தைத் தின்றுவிடும். அந்த ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. வெளி நுழைவிலிருந்து அந்த இடம் வரைக்கும் வழி நெடுக அளக்க வேண்டும்.

இடம் இல்லை என்று கைவிரிப்பவர்களுக்கு: 2.5 மீட்டரில் மூன்று சாதாரண இடங்கள் சேர்ந்தால் 7.5 மீட்டர். அதை அழித்து 3, 1.5, 3 என்று கோடு போட்டால் நடுவில் ஓர் இறங்குபாதையும் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அகலமான இடமும் கிடைக்கும். போவது ஓர் இடம்தான். ஆனால் நடுப்பாதையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு அது ஓட்டுநர் பக்கமாகவும், மற்றவருக்கு எதிர்ப்பக்கமாகவும் அமையும். இரண்டாமவர் பின்னோக்கி ஏற்றி நிறுத்த வேண்டியிருக்கும். கழுத்தைத் திருப்ப முடியாதவருக்குப் பின்னோக்கி ஏற்றுவது பெரும்பாடு. யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் கோடு போடுவதற்கு முன்பே அந்த ஊழியர்களிடம் கேட்டுவிட வேண்டும்.

சரிவையும் பார்க்க வேண்டும். ஏடிஏ அனுமதிக்கிற உச்ச வரம்பு 48க்கு 1. இதைச் சோதிக்கப் பொறியாளர் வர வேண்டியதில்லை. 1.2 மீட்டர் நீள ரசமட்டப் பலகையைத் தரையில் வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். தரைக்கும் முனைக்கும் இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த இடம் ஆகாது. நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை பார்க்க வேண்டும். சரிவு கூடினால் பிரேக் போடுவதற்குள் நாற்காலி உருண்டு விலகும். கனமான கதவு தானாக வந்து காலில் அடிக்கும். வடிகாலுக்குப் பக்கத்திலும், அடித்தளத்துச் சாய்பாதையின் அடிவாரத்திலும் இருக்கிற இடங்கள்தான் பெரும்பாலும் இதில் அடிபடும். அதே இடங்களைத்தான் 'யாரும் நிறுத்துவதில்லை' என்று தூக்கிக் கொடுப்பார்கள்.

வாசலுக்கு மிக அருகில் இருப்பதே நல்ல இடம் என்பதும் சரியில்லை. 15 மீட்டர் தூரத்தில் இருந்தாலும் நடுவில் ஒரு படிக்கட்டு விளிம்பும், வண்டிகள் திரும்புகிற ஒரு முனையும் வந்தால், விளிம்பில்லாத 28 மீட்டர் வழி அதைவிட மேல். அடித்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே இருக்கும் இடம் அருமையானதுதான், லிஃப்ட் ஓடும் வரைக்கும். மின்தடைக்கும் பராமரிப்பு நாளுக்கும் தரைமட்டத்தில் மாற்றிடம் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பார்க்கிங் லாக்: நான்கு வகை, ஒன்றரை வகைதான் தேறுகிறது

சாவி போட்டு மடக்குகிற கைமுறை லாக் முதல் வகை. மற்ற எதையும்விட உறுதியானது, பழுதாவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர் வழியிலேயே வண்டியை நிறுத்தி, நாற்காலியை எடுத்து விரித்து, இறங்கி, குனிந்து பூட்டைத் திறந்து, மறுபடி ஏறி, நாற்காலியை மடித்து உள்ளே வைத்து, பத்தடி ஓட்டி, மறுபடி அத்தனையும் செய்ய வேண்டும். நடக்கக் கூடியவராக இருந்தாலும், குனிய முடியாத முதுகுவலிக்காரருக்கும் முழங்கால் தேய்ந்தவருக்கும் இது தினமும் இரண்டு வேளைத் தண்டனை.

இரண்டாவது, ரிமோட்டில் இயங்குவது. நன்றாகப் பொருத்தினால் இது தேறும். கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். பெட்டியில் எழுதியிருக்கும் 30 மீட்டர் தூரம் வெட்டவெளிக் கணக்கு. காருக்குள்ளிருந்து, கான்கிரீட் தூண் மறைக்கையில் அழுத்திப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். வண்டிப் பாதையில் நின்று அழுத்துகையில் பின்னால் வண்டிகள் வரிசை கட்டும் என்றால், திருப்பத்துக்கு முன்னரே லாக் இறங்கிவிடும்படி தூரம் கிடைக்க வேண்டும். ரிமோட்டின் பட்டன் பட்டாணி அளவு இருக்கிறது. விரல் மடங்காத முடக்குவாதக்காரரால் அழுத்த முடியாது. கைக்கட்டுப்பாடு, அதாவது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும் நெம்புகோல், பொருத்திய காரில் ஒரு கை எப்போதும் பிரேக் நெம்புகோலில் இருக்கும். சாவிக்கொத்தில் ரிமோட்டைத் துழாவ இன்னொரு கை கிடைக்காது. டேஷ்போர்டில் ஒட்டி வைக்கும்படியான பெரிய பட்டன் ரிமோட் கிடைத்தால் அதையே கேளுங்கள். குறைந்தது மூன்று ரிமோட் வேண்டும்: வண்டியில் ஒன்று, செக்யூரிட்டி அறையில் ஒன்று, நிர்வாகப் பிரிவில் ஒன்று.

மூன்றாவது, கைபேசிச் செயலியால் இறங்குவது. புளூடூத் மட்டும் போதும் என்கிற ரகம் அடித்தளத்திலும் வேலை செய்யும். இணையம் வழியாகச் சர்வருக்குப் போய் வருகிற ரகம், சிக்னல் இல்லாத இரண்டாம் அடித்தளத்தில் கல்லைப் போல நிற்கும். வாங்குவதற்கு முன் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, புளூடூத்தை மட்டும் ஆன் செய்து சோதிக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது. வண்டி அருகில் வந்ததுமே தானாக இறங்குகிற ரகமும் உண்டு. அது சரியாக வேலை செய்தால் எல்லாவற்றையும்விட மேல், ஏனென்றால் ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மேலே சொன்ன அரை வகை இதுதான்.

நான்காவது, வண்டி போனதும் சென்சார் கண்டுபிடித்துத் தானாக எழும்பி நிற்பது. இதில்தான் அடிபட்ட கார்கள் அதிகம். சென்சார்மேல் சேறோ சருகோ படிந்தாலும், நிற்கிற வண்டியின் அடிப்பாகம் அதிக உயரத்தில் இருந்தாலும், இடம் காலி என்று அது முடிவு கட்டிவிடும். தடையில் முட்டியதும் திரும்ப இறங்கும் பாதுகாப்பு உள்ளதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சக்கர நாற்காலிக்காகத் தரையைத் தாழ்த்தி மாற்றியமைத்த வேன்களுக்கு இன்னொரு தொல்லை: மடங்கிய நிலையிலேயே லாக் 7 முதல் 9 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், சாதாரணக் கார் தாண்டிவிடும், தாழ்தள வேனின் வயிறு உரசும். வண்டியை ஆள் ஏற்றிய நிலையில் நிறுத்தி, அடி உயரத்தை அளந்த பிறகே வாங்க வேண்டும்.

பக்கச்சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறவருக்கு எந்த லாக்கும் வேண்டியதில்லை. நடுவில் லாக் நின்றால் அதன் பக்கமாக மற்ற இருசக்கர வண்டிகள் சுலபமாக நுழைந்துவிடும். தடுக்க வேண்டியதைத் தடுக்காது. ஸ்கூட்டர்காரருக்கோ வழியை மறிக்கும். அவருக்குத் தேவை தட்டையான தரையும், ஊன்றுகோலை எடுத்து எழுந்து நிற்க இருபுறமும் இடமும்தான். இருசக்கர வரிசையின் நடுவில் அல்ல, கடைசி முனையில் கொடுங்கள்.

பொருத்துவதில் நடக்கிற தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியோடு வருகிற நான்கு விரிவு போல்ட்டுகள் கான்கிரீட்டுக்கானவை. தார்த்தரையில் அடித்தால் சில மாதத்தில் ஆடத் தொடங்கி, ஒரு நாள் லாக்கோடு கையில் வந்துவிடும்; அங்கே சின்னதாகக் கான்கிரீட் திட்டு வார்த்து அதில்தான் அடிக்க வேண்டும். பல மாடிப் பார்க்கிங்கில் துளையிடுவதற்கு முன் கட்டமைப்பு வரைபடத்தைப் பாருங்கள். இழுவிசைக் கம்பி ஓடுகிற தளமாக இருந்தால் துளைப்பான் அதன்மேல் படுவது ஆபத்து. கட்டடப் பொறியாளர் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சு உள்ள தளத்தில் ஓட்டை போட்டால் கீழ்த்தளத்தில் ஒழுகும். ஐபி67 என்று எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். இரவெல்லாம் மழைநீர் தேங்குகிற பள்ளத்தில் பொருத்துவதற்கு அது உரிமம் ஆகாது.

பேட்டரி தீர்ந்தால் லாக் எந்த நிலையில் நிற்கும், எழுந்தா மடங்கியா? வாங்கும் முன் இதையும் கேட்க வேண்டும். பெரும்பாலான ரகங்கள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்போது இறக்க ஓர் அவசரச் சாவி உண்டு. அது எங்கே தொங்குகிறது என்று இரவுப் பணி செக்யூரிட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மொத்தத்தில் லாக்கைப் பற்றிய எங்கள் முடிவு: வெளியாட்கள் தடையில்லாமல் வந்து போகிற, காவலுக்கு ஆளில்லாத இடத்துக்கு மட்டும் ரிமோட் லாக். வாசலில் செக்யூரிட்டி இருக்கிற வளாகத்துக்கு அது தேவையே இல்லை. அந்தக் காசைப் பெயின்டில் போடலாம்.

பலகையும் பெயின்டும்

மலிவான தீர்வு என்று பார்த்தால் இவை இரண்டும்தான், ஆனால் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். தரையில் வரைந்த குறியை நிற்கிற வண்டியே மறைத்துவிடும். எனவே கம்பத்திலோ சுவரிலோ பலகை கட்டாயம். பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் இருந்தால்தான் முன்னால் ஒரு வண்டி நின்றாலும் தெரியும். கம்பத்தை இறங்குபாதையில் நடக் கூடாது. இடத்தின் தலைமாட்டில் நட்டு, அதற்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் முன்னால் ரப்பர் சக்கரத்தடை வைத்தால் பம்பர் கம்பத்தில் இடிக்காது, நடைபாதைக்குள் வண்டியின் மூக்கும் நீளாது.

சக்கர நாற்காலிக் குறி 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவி ஒருவர் வரைந்ததிலிருந்து வந்தது. உலகம் முழுக்கப் புரியும், விளக்கம் வேண்டாம். ஆனால் அந்த இடத்துக்குச் சக்கர நாற்காலியில்தான் வர வேண்டும் என்ற நினைப்பையும் அது விதைத்திருக்கிறது. இதயநோய், நுரையீரல் பாதிப்பு, நரம்புத் தளர்ச்சி, கடும் மூட்டுவலி உள்ளவர்கள் நடந்துதான் வருவார்கள். 'நல்லாத்தானே நடக்கிறார்' என்ற முணுமுணுப்பும் கூடவே வரும். அதனால் ஒருவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் குறியோடு 'ஒதுக்கப்பட்டது, அனுமதி எண் 7' என்று எண் மட்டும் போட்டால் போதும். ஊழியர் பெயரையோ, வண்டி எண்ணையோ, நோயையோ எழுத வேண்டாம். யாராவது நிறுத்திவிட்டால் அழைக்க வேண்டிய உள்தொலைபேசி எண்ணைச் சின்னதாகக் கீழே எழுதுங்கள். அது பல அலுவலகப் பலகைகளில் இருப்பதில்லை.

மடக்குப் பலகை, கூம்பு, சங்கிலி ஆகியவற்றுக்குப் பூஜ்யம். நகர்த்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தேநீர் குடிக்கப் போயிருப்பார். காற்றில் விழும், பெரும்பாலும் இறங்குபாதைக்குள்தான் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும்.

பெயின்டில் ஏமாறுவது எளிது. வெளியில் தார்த்தரை என்றால் சூடாக்கி இடுகிற தெர்மோபிளாஸ்டிக் கோடு பல ஆண்டு உழைக்கும். அதையே எபாக்சி பூசிய அடித்தளத் தரையில் இட்டால் ஒட்டாமல் தகடாகப் பெயரும். அங்கே எபாக்சி அல்லது பாலியூரித்தேன் கோட்டுப் பெயின்ட்தான். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆறிய பிறகே. பழைய கோட்டின்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைக்கிற வழக்கம் எங்கும் உண்டு. ஆறு மாதத்தில் கறுப்பு தேய்ந்து பழைய வெள்ளை எழும்பும், புதுக்கோடு எது பழைய கோடு எது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் நிறுத்துவார்கள். எந்திரத்தால் அரைத்து எடுக்கத்தான் வேண்டும்.

அளவு சொல்லிவிடுகிறோம், ஒப்பந்தக்காரர் கணக்கோடு ஒப்பிட உதவும். 5 மீட்டர் நீள இடமும் 1.5 மீட்டர் இறங்குபாதையும் சேர்ந்த ஒரு தொகுதிக்கு எல்லைக்கோடு ஏறக்குறைய 19 மீட்டர். 10 சென்டிமீட்டர் அகலத்தில் அது 1.9 சதுர மீட்டர். 45 பாகையில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் சாய்கோடுகள் ஆறு வரும், ஒவ்வொன்றும் 2.1 மீட்டர் நீளம், மொத்தம் 1.3 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் குறிக்கான நீலச் சதுரம் 2 சதுர மீட்டர். ஆக 5 சதுர மீட்டருக்குச் சற்று மேல். கரடான தரையில் லிட்டருக்கு 3 முதல் 4 சதுர மீட்டர் என்று வைத்தால், இரண்டு பூச்சுக்கு இரண்டரை முதல் மூன்றரை லிட்டர். வெள்ளையும் நீலமும் சேர்த்து. பத்து லிட்டர் எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

வழுவழுப்பான பெயின்ட், ஈரத்தில் ஊன்றுகோலின் ரப்பர் முனைக்குச் சத்துரு. நீலச் சதுரத்தை முழுப்பரப்பாகப் பளபளவென்று அடித்து, அதன்மேல் ஆள் வழுக்குவது எவ்வளவு பெரிய முரண்! இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மெல்லிய குவார்ட்ஸ் மணல் தூவச் சொல்லுங்கள்.

இருசக்கர வண்டிகள் இறங்குபாதையில் நுழைவதைத் தடுக்க அதன் வாயில் நடுவே ஒரு இரும்புத்தூண் நடுகிறார்கள். 1.5 மீட்டர் பாதையில் நடுவே தூண் நின்றால் இருபுறமும் 70 சென்டிமீட்டர்தான் மிஞ்சும்; சக்கர நாற்காலி சிக்கும். தூண் வேண்டும் என்றால் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட வேண்டும். அதிலும் ஒரு ஸ்கூட்டர் நுழையும்தான். அதைத் தடுப்பது தூணின் வேலை அல்ல, செக்யூரிட்டியின் வேலை.

முன்பதிவுச் செயலிகள்

யாருக்கும் நிலையான இடம் கிடையாது, காலையில் செயலியில் பதிவு செய்து நிறுத்திக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு பரவிவருகிறது. மற்றவர்களுக்கு இது வசதி. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு, வேலைக்கு வர முடியுமா முடியாதா என்பதைத் தினம் ஒரு குலுக்கல் சீட்டு தீர்மானிப்பதாக ஆகிவிடும். செயலியை மதிப்பிட எங்களுக்கு முதல் கேள்வி: ஓர் இடத்தை ஒருவருக்கு நிரந்தரமாகக் கட்டிவைக்கும் வசதி இருக்கிறதா? இல்லையென்றால், நிர்வாகி தினமும் அவருக்காகப் பதிவு செய்ய வேண்டும். அவர் விடுப்பில் போகிற முதல் நாளே அது உடையும்.

அடுத்தது, தானாக விடுவிக்கும் விதி. பதிவு செய்தவர் 30 நிமிடத்துக்குள் வராவிட்டால் இடம் பொதுவுக்குப் போகும் என்று வைத்திருப்பார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சை முடித்து வருபவர், டயாலிசிஸ் நாளில் தாமதமாக வருபவர், காலையில் மூட்டு விறைப்பு குறையும் வரை கிளம்ப முடியாதவர் எல்லோரும் இதில் இடம் இழப்பார்கள். அந்த இடத்துக்கு மட்டும் இந்த விதியை அணைக்க முடிய வேண்டும். விடுப்பு நாளில் அவரே விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஓர் ஆளுக்கு ஒரே வண்டி எண் என்று கட்டுகிற செயலியும் உதவாது. இன்று தானே ஓட்டி வருவார், நாளை வீட்டார் கொண்டுவிடுவார்கள், மறுநாள் வாடகைக் கார். மூன்று எண்களாவது சேர்க்க இடம் வேண்டும்; எண் பலகையைப் படிக்கும் கேமரா வைத்த கேட் என்றால் இது இன்னும் முக்கியம். பார்வைக் குறைபாடுள்ளவர் வண்டி ஓட்டாவிட்டாலும் தன்னைக் கொண்டுவிடுகிற வண்டிக்கு இடம் பதிவு செய்வார். ஆகவே திரைவாசிப்பானில் செயலி பேசுகிறதா என்று பாருங்கள். இடங்களை வெறும் பச்சை, சிவப்புப் புள்ளிகளாக மட்டும் காட்டுகிற வரைபடம் அவருக்கு வெற்றுத்தாள்.

காரணம் என்ற கட்டத்தில் நோயின் பெயரைக் கேட்கிற செயலியை அப்படியே திருப்பி அனுப்பலாம். 'அகல இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி' என்ற மூன்று விவரம் போதும். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்ற தற்காலிகத் தேவைக்கு முடியும் தேதி உதவும். நிரந்தரக் குறைபாடுள்ளவரிடம் ஆண்டுதோறும் புதுச் சான்றிதழ் கேட்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆள் வழிச் சேவைகள்

வாலே, அதாவது சாவியை வாங்கி வண்டியை நிறுத்தித் தருவது, இடமே இல்லாத கட்டடங்களில் நல்ல மாற்று. கைக்கட்டுப்பாட்டுக் கார் வைத்திருப்பவருக்கு மட்டும் யோசிக்க வேண்டும்: பழகாத ஓட்டுநர் நெம்புகோலில் முழங்காலை இடிப்பார், அழுத்தினால் ஓடுமா நிற்குமா என்று தெரியாமல் தடுமாறுவார். இருக்கையையும் கண்ணாடியையும் நகர்த்திவிட்டுப் போவார்கள். இருக்கையைத் திரும்பச் சரிசெய்ய அந்த ஊழியருக்குப் பத்து நிமிடம் ஆகும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகையில் நின்றுகொண்டே காத்திருக்க முடியாதவருக்கு நாற்காலி வேண்டும்.

தொலைவான நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டியில் கொண்டுவிடுவது, நடக்கத் தூரம் தாங்காதவர்களுக்குப் பரவாயில்லை. மின்சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பயனில்லை, அந்த நாற்காலியை அதில் ஏற்ற முடியாது.

இனி செக்யூரிட்டி. மேலே சொன்ன எந்தச் சாதனத்தையும்விட இவர்கள்தான் இந்த ஏற்பாட்டை வாழவைப்பதும் கெடுப்பதும். இயக்குநரின் விருந்தாளி வண்டி வந்தால் எங்கே அனுப்புவார் என்பதுதான் பரீட்சை. அவர் கையில் எழுத்தில் ஓர் உத்தரவு இருக்க வேண்டும், அதில் இயக்குநரின் கையெழுத்தே இருந்தால் உத்தமம். தவறாக நிறுத்திய வண்டிக்குச் சக்கரப் பூட்டு போடுகிற பழக்கத்தை இந்த இடத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். பூட்டினால் அந்த வண்டி இன்னும் பல மணி நேரம் அங்கேயே கிடக்கும். தண்டனை இடத்துக்கு உரியவருக்குத்தான். ஓட்டுநரை அழைத்து நகர்த்தச் சொல்வது, அதுவரை முன்பே குறித்துவைத்த மாற்றிடத்தை ஊழியருக்குத் திறந்துவிடுவது, அதனால் ஆன தாமதத்தை வருகைப் பதிவில் கழிக்காமல் இருப்பது என்று மூன்றும் ஒரே உத்தரவில் இருக்கட்டும்.

ஹெச்ஆர் பக்கம்

'வேலைக்கு வந்த பிறகுதான் எங்கள் பொறுப்பு. வந்து சேர்வது அவர் பாடு' என்ற வாதம் இன்னும் கேட்கிறது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு நியாயமான வசதி ஏற்பாட்டை, அதாவது அளவுமீறிய சுமையாகாமல் ஒருவரின் தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றத்தை, வரையறுக்கிறது. அதை மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்கிறது. 27ஆம் பிரிவு அதை வேலையிடத்துக்குக் கொண்டுவருகிறது. அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானமுள்ள அரசு வழக்கறிஞர் ஒருவர் அலுவலக வளாகத்தில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், வேலையின் முக்கியக் கடமைகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டால்தான் அத்தகைய வசதியைக் கேட்க முடியும் என்ற வாதத்தை ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் ஏற்க மறுத்தது.

நடைமுறையில் அடிக்கடி நேர்கிற குழப்பம் வேறு. சட்டப்படி கட்டடத்தில் இருக்க வேண்டிய பொதுவான மாற்றுத்திறனாளி இடத்தையே எடுத்து ஓர் ஊழியருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏடிஏ கணக்கில் 25 இடம் வரை உள்ள வளாகத்துக்கு ஒன்று, 50 வரை இரண்டு, 75 வரை மூன்று. அந்த ஒன்றையும் ஊழியருக்குக் கொடுத்தால், வருகிற பார்வையாளர் எங்கே போவார்? ஊழியருக்கான இடம் இந்த எண்ணிக்கைக்கு மேல் தனியாக இருக்க வேண்டும். மறுபக்கம், 'பொது இடம் ஒன்று இருக்கிறதே, முதலில் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்' என்பதும் ஏற்பாடு ஆகாது.

கோடு போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு எந்தச் செலவும் இல்லை. சாக்பீஸாலோ ஒட்டுநாடாவாலோ இடத்தையும் இறங்குபாதையையும் தரையில் குறித்துவிட்டு, அந்த ஊழியரைத் தன் சொந்த வண்டியோடு, தான் தினமும் பயன்படுத்துகிற நாற்காலியோ ஊன்றுகோலோடு ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் பக்கத்து இடத்தில் வேண்டுமென்றே ஒரு பெரிய வண்டியை நிறுத்துங்கள். மாலையில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில், வெளியேறும் வரிசை அவர் வண்டிக்குப் பின்னால் நிற்கிறதா, அவரால் பின்னோக்கி எடுக்க முடிகிறதா என்பதையும், மழை பெய்தால் தண்ணீர் இறங்குபாதையில் தேங்குகிறதா என்பதையும் பார்த்த பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.